பேசியே உலர்த்திய காகிதம்

சென்ற மாதம் நான் வேலை பார்த்த காகித ஆலைப் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே வேலையில்லை. கால்களுக்கு அது இன்னும் தெரியவில்லை. வாயிற்கூடத்தில் ஓர் இளைஞர் கழிவுக் காகிதச் சிப்பம் ஒன்றில் இரண்டு ஊசிகளைக் குத்தினார். கையிலிருந்த சிறு பெட்டியில் முள் துள்ளி நின்றது. "ஈரம் சரியா இருக்கு சார்" என்றார். அவ்வளவுதான். சிப்பம் உள்ளே போயிற்று.

"உங்க காலத்துல இது இல்லையே சார், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவர் கேட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது. என் முன்னால் போடப்பட்ட எந்தக் கேள்வியையும் நான் தரையில் விழ விட்டதில்லை. நின்ற இடத்திலேயே பதிலைத் தொடங்கினேன். சாப்பாட்டுச் சங்கு ஊதியது, இளைஞர் தப்பினார். அன்று பாதியில் நின்ற பதிலை இங்கே முடித்துவிடுகிறேன். தாளை மூடி வைத்துவிட்டு ஓடுவது உங்கள் உரிமை. ஆனால் ஓடமாட்டீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

பேச்சுத்தான் என் முதல் தொழில். திருத்தணிப் பள்ளியில் படிக்கும்போதே சொற்போர் மேடைகளில் பரிசு வாங்கியவன் நான். வாளா எழுதுகோலா என்ற தலைப்பில் முற்பகல் வாளுக்காகப் பேசி வென்றேன். எழுதுகோலுக்காகப் பேச வேண்டியவன் வயிற்றுவலியால் வராமற்போகவே, பிற்பகல் எழுதுகோலுக்காகவும் பேசி என்னையே வென்றேன். இருப்புப்பாதை ஓரத்தில் நின்று, அரக்கோணம் போகும் சரக்கு வண்டியின் இரைச்சலுக்கு மேலே என் குரல் கேட்கும்வரை பயிற்சி செய்வேன். என்ஜின் ஓட்டுநர்கள் என்னைப் பார்த்துக் கையசைப்பார்கள். அதை அந்நாளில் கரவொலியாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. குண்டு விழும் என்ற அச்சத்தில் சென்னை காலியாயிற்று. என் கல்லூரிப் படிப்பும் அத்தோடு ஊர் திரும்பியது. நாடெங்கும் காகிதப் பஞ்சம். பத்திரிகைகள் மெலிந்தன. மிட்டாய்க் கடைக்காரர்கள் மறுபடியும் இலைக்குப் போனார்கள். நேற்றுவரை அடுப்பெரிக்கப் பயன்பட்ட பழந்தாளுக்குத் திடீரென்று மரியாதை பிறந்தது. அப்படிப் பிறந்ததுதான் எங்கள் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த பழங்காகிதக் கிடங்கு. சுற்று வட்டாரத்துப் பழைய அலுவலகக் கட்டுகள், பள்ளி விடைத்தாள்கள், கனகம்மாசத்திரத்துக் கடைகளின் பொட்டலத் தாள்கள் எல்லாம் அங்கே வந்து குவியும். அவற்றைத் தரம் பிரித்து, சிப்பமாக அழுத்திக் கட்டி, வடக்கே ஓர் ஆலைக்கு ரயிலில் அனுப்புவோம். ஆலை அவற்றைக் கூழாக்கிப் புதுத்தாள் செய்யும்.

கிடங்கின் நிர்வாகி இப்ராகிம் சாயபு. அரக்கோணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருடைய வாயிலிருந்து கேள்வி தவிர வேறு வகை வாக்கியம் வந்து நான் கேட்டது மிக அரிது. ஆணையும் கேள்விதான், கண்டனமும் கேள்விதான், பாராட்டும் கேள்விதான். வண்டி மாட்டைக்கூட "கொஞ்சம் நகர்றீங்களா?" என்றுதான் கேட்பார். வேலை தேடி நான் அவர்முன் நின்றபோது நடந்த உரையாடல் இது:

"தம்பிக்கு என்னங்க தெரியும்?"

"பேசத் தெரியும்."

"காயிதம் பேசினா கேக்கத் தெரியுமாங்க?"

தெரியாது என்றேன். மேடையில் நான் அந்தச் சொல்லை உச்சரித்ததே இல்லை. அவர் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து என் காதருகே கசக்கினார். வேலை கிடைத்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

அந்தக் காதுச் சோதனைதான் முதற்சோதனை. உலர்ந்த தாளைக் கசக்கினால் சடசடவென்று வாதாடும், ஈரத்தாள் முணுமுணுக்கும். அடுத்தது கிழிப்பு. உலர்ந்த தாள் ஒரே கோடாகக் கூர்மையாய்க் கிழியும். ஈரம் ஏறிய தாளின் கிழிந்த ஓரத்தில் பஞ்சு போல நார் நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது கம்பி. கட்டி முடித்த சிப்பத்தின் நடுவயிறுவரை இரும்புக் கம்பியைச் செலுத்தி, சற்று நேரம் விட்டுவைத்து, உருவிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கம்பி குளிர்ந்திருந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே ஈரம் புழுங்குகிறது என்று பொருள். அந்தச் சிப்பம் ஆலைக்குப் போய்ச் சேருமுன் பூசணம் பூத்துவிடும். கடைசிச் சோதனை தட்டு. பொற்கொல்லர் தராசில் சிறிது காகிதத்தை நிறுத்து, உமிக் கனலின் மேல் தகரத் தட்டில் வாட்டி, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடை அத்தனையும் தண்ணீர். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் ஆலை வாங்காது.

ஈரம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. எடை கூடட்டும் என்று மூட்டையின் நடுவே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவரும் வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே 'ஈரம்' என்று சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் அடுத்த மூட்டை வராது. அதனால் கிடங்கில் அந்தச் சொல்லையே எவரும் எடுப்பதில்லை. "விருந்தாளி வந்திருக்கார்" என்போம். "விருந்தாளி தனியா வந்தாரா, குடும்பத்தோடவா?" என்று சாயபு கேட்பார். குடும்பத்தோடு என்றால் மூட்டை மொத்தமும் வெயிலுக்குப் போகும். வியாபாரி ஒன்றும் புரியாதவர்போல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உலர்ந்த பிறகு நிறுப்போம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

தரம் பிரிப்பவர்கள் எல்லாரும் பெண்கள், பெரும்பாலும் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யுத்தத்தால் நூல் வரத்து நின்று தறிகள் ஓய்ந்துபோக, காகிதத்தை நம்பித் திருத்தணிக்கு வந்து தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி மங்கம்மா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபத்தில் இரண்டும். எனக்கு 'லெச்சர் நைனா' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஆடி மாதத் தொடக்கத்தில் நாங்கள் அனுப்பிய சரக்கை ஆலை திருப்பி அனுப்பிவிட்டது. வழியில் வேகன் மழையில் நின்றதோ, சிப்பத்திலேயே ஈரம் இருந்ததோ, யாரறிவார்? ஆலை சொன்னது இதுதான்: அடுத்த வேகனை எங்கள் ஆளே வந்து நிலையத்தில் சோதிப்பார்; அதிலும் ஈரம் இருந்தால் இனி உங்களிடம் வாங்கமாட்டோம். வாங்குவதற்கு வேறு ஆலை இல்லை. வாங்காவிட்டால் கிடங்கை மூட வேண்டியதுதான். அந்தப் பெண்கள் ஓய்ந்த தறிகளுக்கே திரும்ப வேண்டியதுதான். சாயபு இதை அவர்களிடம் சொன்ன விதமும் எனக்கு நினைவிருக்கிறது. "தறியிலே நூல் ஏறிடுச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்க" என்றார் மங்கம்மா.

யுத்த காலத்தில் காலி வேகன் கிடைப்பது தவத்தின் பயன். எங்கள் தவம் ஆடிக் கிருத்திகையன்று பலித்தது. அன்று மாலைக்குள் ஏற்றினால் ஒரு வேகன் தருவதாக நிலையத்திலிருந்து காலையிலேயே ஆள் வந்தது. ஆலையின் பரிசோதகரும் யாத்திரிகர் ரயிலில் வந்து இறங்கிவிட்டார். சாயபு கம்பியை எடுத்துக்கொண்டு சிப்பம் சிப்பமாகப் போனார். சுவரோரச் சிப்பங்களில் கம்பி வெதுவெதுத்தது. முந்தின நாள் தூறலில் ஓடு ஒழுகியிருந்தது. "மலைமேலே வெயில் எப்படீங்க?" என்று கேட்டார். அதுதான் ஆணை.

மலைச்சரிவில் சரவணப் பொய்கைக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை உண்டு. வெயில் ஏறிவிட்டால் அதில் கால் வைக்க முடியாது. அங்கேதான் வழக்கமாக உலர்த்துவோம். சிப்பங்களைப் பிரித்து, தாள்களைப் பரப்பி, குறுக்கே கயிறு கட்டி, ஓரங்களில் கல் வைத்தோம். கீழே பொய்கையைச் சுற்றிக் காவடிகளும் பம்பை ஒலியும் 'அரோகரா'வுமாக ஊரே பொங்கி வழிந்தது. மஞ்சள் வேட்டிகள் நீரில் மூழ்கி எழுந்து, சொட்டச் சொட்டப் படியேறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் சுழற்காற்று வந்தது. பாறையின் ஒரு முனையில் புகுந்து, கயிற்றை அறுத்து, கல்லை உருட்டி, அத்தனை தாளையும் ஒரே தூணாக வானத்தில் நிறுத்தியது. ஒரு கணம் அந்தத் தூண் அங்கேயே சுழன்றது. எவ்வளவு அழகு! நான் கைதட்டிவிட்டேன் என்று மங்கம்மா பிற்பாடு சத்தியம் செய்தார். பிறகு தூண் சாய்ந்து, பொய்கைக் கரையில் நின்ற பல்லாயிரம் தலைகளின்மேல் மழையாகக் கொட்டியது.

கூட்டம் அதிர்ந்தது. "அரோகரா!" ஆகாயத்திலிருந்து விழுவதைத் திருநாளன்று யார்தான் குப்பை என்பார்கள்? ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்தார்கள்.

சாயபு பாறையின் விளிம்பில் நின்று என்னைப் பார்த்தார். "தம்பி பேசுவேன்னு சொன்னீங்களே?" என்றார்.

கரையில் மாடவிழ்த்து நின்ற ஒரு கட்டைவண்டியின்மேல் ஏறினேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய அவை எனக்கு வாய்த்ததில்லை. மூச்சை இழுத்தேன்.

"பெருமக்களே!" என்றேன். பம்பை நின்றது.

"இன்னாப்பா, ஜவுளிக்கடை நோட்டீஸா?" என்றது ஒரு குரல்.

"தே, சும்மா இரு. சாமி வந்து பேசுது" என்றது இன்னொன்று.

"உங்கள் கைக்கு வந்தது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரத்துக்கும் ஒரு பயணம் உண்டு. இன்று உங்கள் மடியில் அது முடிந்தால் ஒரு தாள். நாளை ஆலைக்குப் போனால் உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகம்! தறி ஓய்ந்து தவிக்கும் தாய்மாரின் ஒருவேளைச் சோறு! வானம் தந்ததை வைத்துக்கொள்பவன் பக்தனா, கொடுப்பவன் பக்தனா?"

"குடுக்கறவன்!" என்று கரையே முழங்கியது. நான் சிலிர்த்தேன், இன்று இதை எழுதும்போதும் சிலிர்க்கிறேன். மக்கள் அலை வண்டியை நோக்கிப் புரண்டது. ஏறத்தாழ எல்லாரும் கொண்டுவந்தார்கள். அதோடும் நிற்கவில்லை. கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று, குளிக்காதவர்களெல்லாம் முதலில் பொய்கையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரக் கையால், ஈர வேட்டியில் ஏந்தி, ஈர நெற்றியில் ஒற்றிக் கொடுத்தார்கள். வண்டியின் காலடியில் காகிதம் வளர்ந்தது; கூழாய் வளர்ந்தது. ஆலை செய்ய வேண்டிய வேலையில் பாதியை என் பேச்சே செய்துவிட்டது.

சாயபு அதில் ஒரு பிடியை எடுத்துக் காதருகே பிழிந்தார். "இது என்னங்க சொல்லுது?" என்றார். அது எதுவும் சொல்லவில்லை. சொட்டியது.

மங்கம்மா இடுப்பில் கைவைத்து என் முன்னால் வந்தார். "ஏன் லெச்சர் நைனா! விருந்தாளி குடும்பத்தோட மட்டுமா வந்தாரு, ஊரையே இட்டுகினு வந்துட்டாரே! பேசியே நனைச்சே இல்ல? இப்போ பேசியே காய வையி!"

பெண்கள் சிரித்தார்கள். வயிற்றில் நெருப்போடு சிரித்த சிரிப்பு அது. ஆனால் அந்த ஏச்சு என் காதில் ஏச்சாக விழவில்லை, தலைப்பாக விழுந்தது. தலைப்புக் கொடுத்தால் பேச்சாளன் சுற்றிலும் பார்ப்பான். பார்த்தேன். படியேறும் வேட்டிகள் காலில் ஒட்டிக்கொண்டு ஏறின. படியிறங்கும் வேட்டிகள் காற்றில் படபடத்துக்கொண்டு இறங்கின. அதே ஆட்கள், அதே துணி. இடையில் வெயிலும் காற்றும் ஒரு மலையும். மறுபடி வண்டிமேல் தாவினேன்.

"கொடுத்தீர்கள்! இனி ஏந்துங்கள்! ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு தாளைக் கொடிபோல உயர்த்திப் பிடியுங்கள். தாளைத் தாழ்த்தாதீர்கள். படிவழியிலுள்ள நடு மண்டபத்தில் எங்கள் பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். இறங்குகிறவர்கள் அங்கே காய்ந்த கட்டை வாங்கிக் கீழே சேருங்கள். ஏறுகிறவன் உலர்த்துவான்; இறங்குகிறவன் சுமப்பான்; முருகன் மேற்பார்வை பார்ப்பான்!"

தெலுங்கு யாத்திரிகர்கள் திகைத்து நின்றார்கள். என் அடுக்குமொழி முழுவதையும் மங்கம்மா ஒரே வரியில் முடித்தார்: "ஒக காகிதம் பட்டுகோண்டி, பைன இவ்வண்டி!" ஒரு தாள் பிடியுங்கள், மேலே கொடுங்கள் என்பதைத் தவிர நானும் வேறொன்றும் சொல்லிவிடவில்லைதான். ஆனாலும் முருகன் மேற்பார்வை என்ற இடம் மொழிபெயர்ப்பில் விழுந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பெண்களில் பாதிப்பேர் கீழே உட்கார்ந்து, ஒட்டிய தாள்களைத் தோலுரிப்பதுபோல் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். மீதிப்பேர் நடு மண்டபத்துக்கு ஓடினார்கள். அப்புறம் நடந்ததை நான் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். மலை வெள்ளையாயிற்று. காவடித் தண்டில் ஒரு தாள், மயிற்பீலி நடுவில் ஒரு தாள், வேலின் முனையில் ஒரு தாள். கை நிறையப் பிள்ளை வைத்திருந்த தாய்மார் தாளைப் பிள்ளையிடமே கொடுத்தார்கள். பிள்ளைகள் கொடியாட்டிக்கொண்டு இடுப்பில் சவாரி போயின. ஆடிக் காற்று அத்தனை தாளையும் சேர்த்து அடித்த சடசடப்பில் பம்பை ஒலி அமுங்கியது. சாயபு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மலையே பேசுதாங்க?" என்றார்.

ஒரே ஒருவர் மட்டும் வண்டியருகே தயங்கி நின்றார். புத்தூர்ப் பக்கத்து விவசாயி. அவர் தலையில் விழுந்தது மஞ்சள் தடவிய ஒரு பழைய கலியாணப் பத்திரிகை.

"என் பொண்ணுக்கு வரன் தேடி வேண்டிக்க வந்தேன் சாமி. வானத்துலேருந்து கலியாணப் பத்திரிகையே விழுந்துகீது. இதப் போயி திருப்பிக் குடுன்றியே, நாயமா?"

வாதப் போரில் நான் சந்தித்த மிக வலிமையான எதிர்வாதம் அதுதான். சாயபுதான் பதில் சொன்னார்: "மாப்பிள்ளை அழைப்புக்கு எங்களைக் கூப்பிடுவீங்களா?" விவசாயி பத்திரிகையைத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு, வேறொரு தாளைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி அரோகரா சொல்லி ஏறினார்.

வெயில் சாயுமுன் கட்டுகள் இறங்கி வந்துவிட்டன. திருகு அழுத்தியில் வைத்து அழுத்திச் சிப்பம் கட்டி, நிலையத்துக்கு ஓட்டினோம். பரிசோதகர் காற்சட்டையும் தொப்பியுமாக வேகன் வாசலில் நின்றார். கம்பியைச் செருகினார், கன்னத்தில் ஒற்றினார். தாளை உருவிக் கிழித்தார். ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தார். தட்டில் வாட்டி நிறுத்தார். மங்கம்மாவும் பெண்களும் தண்டவாளத்துக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள்.

பரிசோதகர் முகம் சுளித்தார். "இதென்ன சாயபு? வெள்ளைத்தாள்னு சொன்னீங்க. குங்குமம், சந்தனம், விபூதி! உதறினா ஒரு கோயிலே கொட்டுது. இதை எந்தத் தரத்துல சேர்க்கிறது?"

என் நாக்கு எழுந்தது. சாயபு என் தோளில் கைவைத்து அதை உட்கார வைத்தார்.

"ஐயா, ஈரம் எவ்வளவுங்க?"

"ஈரம் இல்லை."

"அளவுக்கு மேலே இல்லீங்களா?"

"இல்லைன்னுதான் சொல்றேனே."

"ஐயா ஈரம் பார்க்கத்தானே வந்தீங்க?"

பரிசோதகர் அவரைப் பார்த்தார். கையில் ஒட்டிய விபூதியைப் பார்த்தார். அதைக் காற்சட்டையில் துடைக்கப் போய், சட்டென்று நிறுத்தி, யாரும் பார்க்காததுபோல் நெற்றியில் ஒரு கீற்று இழுத்துக்கொண்டார். "ஏத்துங்க" என்றார்.

நான் சொற்பொழிவாற்றி மலையை உலர்த்தினேன். சாயபு மூன்று கேள்வியில் வேகனை அனுப்பினார். இருவரில் யார் பெரியவர் என்பது நல்ல பட்டிமண்டபத் தலைப்பு. எந்தப் பக்கமும் நானே பேசத் தயார். பிற்பாடு காகிதத் தொழிலில் எத்தனையோ கிடங்குகளிலும் ஆலைகளிலும் இருந்துவிட்டேன். ஈரம் என்ற ஒன்றுக்காக எத்தனையோ இரவு விழித்திருக்கிறேன். அன்றுபோல் சிரித்துக்கொண்டே பயந்த நாள் வேறில்லை.

மறுநாள் காலை கிடங்கு துடைத்த தட்டுபோல் இருந்தது. வைத்திருந்ததெல்லாம் வேகனில் போய்விட்டது. பிரிக்க ஒரு தாள் இல்லை. பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலையைத் தக்கவைத்தோம், அதற்குக் கொடுக்கக் காகிதம்? வாசலில் கிடந்த பூட்டையும் சாவியையும் சாயபு கையில் எடுத்து எடைபோட்டுக் கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

வெளியே எட்டிப் பார்த்த மங்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

மலைப் பாதையிலிருந்து நிலையத்துக்குத் திரும்பும் யாத்திரிகர் கூட்டம், நிலையத்துக்குப் போகாமல் எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. தாளைத் தாழ்த்தாதீர்கள் என்று நான் சொன்னதைச் சிலர் நடு மண்டபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உச்சிவரை ஏந்திப் போய், சந்நிதியில் காட்டி, இரவு மலைமேலேயே தங்கி, இப்போது மஞ்சள் துணியில் மடித்து எடுத்து வந்திருந்தார்கள். சேதி கேட்ட ஊர்க்காரர்களோ வெறுங்கையோடு வர மனமில்லாமல் வீட்டுப் பரணில் கிடந்த பழந்தாளையெல்லாம் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். வரிசையின் வால் கண்ணுக்கு எட்டவில்லை.

"இன்னும் இன்னா பூட்ட எட போட்டுகினு கீறீங்க சாயபு?" என்றார் மங்கம்மா. "கதவ நல்லா தொறங்க. காயிதம் கால் மொளச்சி நடந்து வந்துகினு கீது!"

முதல் ஆளின் கையிலிருந்த தாளை மங்கம்மாவே வாங்கிக் காதருகே கசக்கினார். சடசடப்பு தெருக்கோடிவரை கேட்டது.

"ஆங்" என்றார். "அடுத்த ஆளு வா."